யூகேவில் பார்ட் டைம்: இருபது மணி நேரக் கணக்கும் வராத சம்பளமும்

2026 பொங்கலுக்கு யூகேவிலிருந்து மதுரை வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "அங்க பார்ட் டைம் பார்த்தே ஃபீஸைக் கட்டிரலாமாமே தாயி?" மேலூர் சித்தப்பா தன் பையனுக்காகக் கேட்டார். எதிர்வீட்டு அக்கா தன் மகளுக்காகக் கேட்டார், அவள் செப்டம்பரில் கிளம்புகிறாளாம். கட்ட முடியாது என்று சொன்னால் யாருக்கும் முகம் மலர்வதில்லை. "உனக்கு அமையல போல" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் போகும்போது இதையெல்லாம் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

முதலில் அந்த ஃபீஸ் கணக்கு. 2023 செப்டம்பரில் பர்மிங்காமில் ஒரு வருட மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். பைபாஸ் ரோட்டில் ஒரு கன்சல்டன்சி மூலமாகப் போனேன். ஏசி ஓடுகிற ஆபீஸ், சுவரெல்லாம் விசா வாங்கியவர்களின் போட்டோ. "படிச்சுக்கிட்டே மாசம் ஒண்ணேமுக்கால் லட்சம் பார்க்கலாம் மேடம்" என்றார்கள். அப்பா கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். அவரே அந்தத் தொகையைக் கேட்டுக் கொஞ்சம் அசந்துதான் போனார். அங்கே போன பிறகுதான் அந்தத் தொகை எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10.42 பவுண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தால்தான் ஒண்ணேமுக்கால் லட்சம் தாண்டும். ஸ்டூடண்ட் விசாவில் டிகிரியோ அதற்கு மேலோ படிக்கிறவர்களுக்குப் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. அதாவது அவர்கள் சொன்ன தொகையில் சரிபாதி. 2024 ஏப்ரலில் ஊதியம் 11.44 ஆனபோதும் வாரத்துக்கு 228 பவுண்டு 80 பென்ஸ், மாதம் 990 பவுண்டு சுமார். அறை வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ், போன் எல்லாம் போக மிச்சம் என்று கையில் நின்றது சில்லறைதான். சுருக்கமாகச் சொன்னால், வேலை பார்த்து வயிற்றைக் கழுவலாம், ஃபீஸ் கட்ட முடியாது. ஃபீஸுக்கு வீட்டுப் பத்திரம் வங்கியில்தான் இருக்கிறது.

கன்சல்டன்சிக்காரர்களை ஒரேயடியாகத் திட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. விண்ணப்பம், பேங்க் ஸ்டேட்மெண்ட், டிபி டெஸ்ட் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் முடித்துக் கொடுத்தார்கள். ஆனால் மாணவரைச் சேர்த்துவிடுவதற்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. சேர்ந்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. அதற்கப்புறம் விசா நிபந்தனை பற்றி அவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்கிற பதிலுக்கு அவர்கள் பொறுப்பு கிடையாது. இங்கிலாந்துக்குள் ஒருத்தர் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் பதிவு செய்திருக்க வேண்டும். பைபாஸ் ரோட்டு ஆபீஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதே ஆலோசனையைப் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸில் இலவசமாகத் தருகிறார்கள். ஃபீஸிலேயே அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள், கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

இருபது மணி நேரம் என்பது கேட்க எளிது. உள்ளே இறங்கினால் நிறைய சந்துபொந்து இருக்கிறது. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. கடைக்காரர் சம்பளம் போடுகிற வாரம் வேறாக இருக்கலாம், அது விசாவுக்குப் பொருட்டில்லை. போன வாரம் 14 மணி நேரம்தானே பார்த்தோம், இந்த வாரம் 26 பார்த்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது செல்லாது. சராசரி எடுக்கிற பேச்சே இல்லை, 26 பார்த்த வாரம் மீறல்தான். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டும் சேர்ந்துதான் இருபது. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் வரும். "ரெண்டு நாள் சும்மா வந்து பாரு, பிடிச்சா எடுத்துக்கிறோம்" என்று ட்ரையல் வைக்கிறார்களே, அந்த மணி நேரத்தையும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஞாயிறு இரவு ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டினால், தாண்டிய நேரம் அடுத்த வாரத்துக் கணக்கு. டிகிரிக்குக் கீழே உள்ள படிப்பென்றால் 10 மணி நேரம்தான். உங்கள் விசாவில் எது எழுதியிருக்கிறது என்பதை விசா முடிவுக் கடிதத்திலும் இ-விசாவிலும் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னார் என்று போகாதீர்கள்.

மணி நேரம் இருக்கட்டும், வேலையின் வகையிலும் தடை உண்டு. ஸ்டூடண்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்யக்கூடாது. சாப்பாடு டெலிவரி ஆப்களில் ஓட்டுவது சொந்தத் தொழில் கணக்கில்தான் வருகிறது, ஆகவே கூடாது. எங்கள் வீட்டில் இருந்த தேனிப் பையன் ஒருத்தன் வேறொருவரின் அக்கவுண்டை வார வாடகைக்கு எடுத்து ஓட்டினான். மழையில் நனைந்து சம்பாதித்ததில் ஒரு பங்கு அக்கவுண்டுக்காரனுக்குப் போகும். தெருவில் நிறுத்தி போனைக் காட்டச் சொன்னால் மாட்டுவது இவன்தான், அக்கவுண்டுக்காரன் இல்லை. இன்னொரு தோழிக்கு அவள் அம்மா இங்கிருந்து சுங்குடிச் சேலை அனுப்புவார், அவள் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு விற்பாள். பத்துச் சேலைதானே, இதெல்லாம் ஒரு தொழிலா என்று நாங்களே சிரித்தோம். அதுவும் தொழில்தான். இன்டர்நேஷனல் ஆபீஸில் சொன்ன பிறகு அவள் நிறுத்திவிட்டாள்.

இப்போது என் கதை. நவம்பரில் ஒரு இந்திய ரெஸ்டாரண்டில் வேலை கிடைத்தது. ஓனர் நம் ஊர்ப் பக்கம்தான். முதல் நாளே "நாமெல்லாம் ஒரே மண்ணு தங்கச்சி, பேப்பரெல்லாம் எதுக்கு" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. போய் இறங்கி இரண்டு மாதம் யாரும் தமிழில் பேசாத இடத்தில் இருந்துவிட்டு, ஒருத்தர் "சாப்பிட்டியாத்தா" என்று கேட்டால் மனசு இளகத்தான் செய்யும். ஆனாலும் வேலை பார்க்க அனுமதி உண்டு என்று முதலாளி ஆன்லைனில் பார்த்துக்கொள்வதற்கான ஷேர் கோடு கொடுத்தேன், டெர்ம், அதாவது படிப்பு நடக்கும் காலத்தின் தேதிகள் உள்ள பல்கலைக்கழகக் கடிதத்தையும் கொடுத்தேன். மாணவரை வேலைக்கு வைக்கிற முதலாளி அந்தத் தேதிகளை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அவர் வாங்கிக் கல்லாப்பெட்டிக்கு அடியில் சொருகினார்.

வாக்-இன் ஃப்ரிட்ஜ் கதவில் வாரத்துக்கான ரோட்டாவை ஒட்டி வைப்பார்கள். மஞ்சள் கைரேகை படிந்த ஏ4 தாள், பெயருக்கு எதிரே நேரம் எழுதி, பாதியை அடித்து மாற்றி எழுதியிருக்கும். ஒவ்வொரு வாரமும் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன். அதோடு அப்பா கொடுத்துவிட்ட நாள்வழி நோட்டு ஒன்று இருந்தது. கடைகளில் வைத்திருப்பார்களே, நீளமாக, சிவப்புத் துணி அட்டை போட்டது. செலவு எழுதத்தான் கொடுத்தார். நான் அதில் வேலை நேரத்தையும் எழுத ஆரம்பித்தேன்: தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், திங்கள் முதல் ஞாயிறு வரை கூட்டல். வாரக் கடைசியில் அப்பா போனில் கேட்பார், "நோட்டுல ஏத்திட்டியா தாயி? எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது." அவர் கேட்டது காய்கறிச் செலவை. இந்த நோட்டு பின்னால் எதற்கு உதவப் போகிறது என்று எனக்கும் அப்போது தெரியாது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் முழு நேரம் பார்த்தேன், அது அனுமதி உள்ள காலம். சம்பளம் வங்கியில் ஏறியது, பே ஸ்லிப் வந்தது, மணி நேரமும் அதில் இருந்தது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு பே ஸ்லிப்பில் மணி நேரத்தைக் காட்ட வேண்டும் என்று 2019 முதல் அங்கே சட்டம். முதல் இரண்டு மாதம் வரி பிடித்தார்கள், எவ்வளவு வரி பிடிப்பது என்பதைச் சொல்லும் டாக்ஸ் கோடு தவறாக விழுந்திருந்தது. அப்போதைய குறைந்தபட்ச ஊதியத்தில் இருபது மணி நேர வேலையில் வந்த வருமானம் ஆண்டுக்கு 12,570 பவுண்டு என்ற வரியில்லா வரம்புக்குள்தான் இருந்தது. வரம்புக்குள் இருந்தும் பிடித்தால் அங்குள்ள வரித்துறையான எச்எம்ஆர்சிக்குப் போன் போட்டுக் கோடை மாற்றச் சொல்லுங்கள், பிடித்தது திரும்பி வரும். எனக்கும் வந்தது.

சிக்கல் கோடையில் ஆரம்பித்தது. மே மாதம் வகுப்புகள் முடிந்தன. ஓனர் ஜூன் ரோட்டாவில் எனக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தார். "சம்மர் லீவுதானே, ஃபுல் டைம் வா" என்றார். மதுரைக் கன்சல்டன்சியில் கேட்டேன், "ஆமா மேடம், சம்மர்ல அன்லிமிடெட்" என்று கட்டைவிரல் படத்தோடு பதில் வந்தது. ஃபீஸின் கடைசித் தவணை கட்டி வங்கியில் நூறு பவுண்டுகூட இல்லாத நேரம். ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்தது: பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிறவர்களுக்குத்தான் கோடை விடுமுறை. ஒரு வருட மாஸ்டர்ஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரை டிசர்டேஷன் என்கிற ஆய்வறிக்கை எழுதும் காலம், அதுவும் டெர்ம்தான், இருபது மணி நேரம்தான். செப்டம்பரில் படிப்பு முடியும் அதிகாரப்பூர்வத் தேதிக்குப் பிறகு முழு நேரம் பார்க்கலாம். இந்த ஒன்றில் சிக்கிக்கொண்ட நம் பிள்ளைகள் நிறையப் பேர். பக்கத்து அறையில் பி.எஸ்ஸி. படிக்கிறவன் முழு நேரம் போகிறான், நாமும் போகலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் விசா பெயர் ஒன்றுதான், காலண்டர் வேறு.

மெயிலை ஓனரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "சரி, பேப்பர்ல இருபதே போடுறேன். மீதியைக் கையில வாங்கிக்க." எப்படி மறுப்பது என்றுதான் தெரியவில்லை, மறுக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. "வேண்டாம்ணே, படிப்பு இருக்கு" என்று இழுத்துச் சொன்னேன். அன்றிலிருந்து தங்கச்சி போய் "ஏய் இங்க வா" ஆகிவிட்டது. ஜூன் இரண்டாம் வாரச் சம்பளம் வரவில்லை. கேட்டால் அக்கவுண்டன்ட் லீவு என்றார். அடுத்த வாரம், ஆப் வேலை செய்யவில்லை. அதற்கடுத்து, சீசன் டல். ஐந்து வாரம் இப்படியே இழுத்தது. மொத்தம் 100 மணி நேரம், 1,144 பவுண்டு, நம் காசில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். பே ஸ்லிப்பும் நின்றுவிட்டது.

அந்த நாட்களில் என் நிலைமையை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. வாடகைக்குக் கூடப் படிக்கும் பெண்ணிடம் கடன் வாங்கினேன். இரவு கடையிலிருந்து மிஞ்சிய நான் ரொட்டியைக் கொண்டுவந்து மறுநாள் மதியத்துக்கு வைத்துக்கொள்வேன். அம்மா வீடியோ காலில் "மெலிஞ்சுட்டியே" என்றால் கேமராவைத் தூக்கிப் பிடிப்பேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா நகையைத் தூக்கிக்கொண்டு போவார் என்று தெரியும். டிசர்டேஷனுக்கென்று வைத்திருந்த ஜூலை மாதம் இதிலேயே கரைந்தது. ஒரு பத்தி எழுதுவதற்குள் போனை எடுத்து வங்கி ஆப்பைப் பார்ப்பேன்.

வேலையை விட்டுவிட்டு, பாக்கியைக் கேட்டு முறையாக ஒரு மெயில் அனுப்பினேன். பதிலுக்குப் போன் வந்தது. "நீ ஸ்டூடண்ட். கேஸு கீஸுன்னு போனா ஹோம் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுவேன். அடுத்த ஃப்ளைட்டுல மதுரைக்குப் போயிருவ." ஹோம் ஆபீஸ் என்றால் விசா கொடுக்கிற, ரத்து செய்கிற அந்நாட்டு உள்துறை. போனை வைத்த பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டுப் பத்திரம் வங்கியில், நான் பாதிப் படிப்போடு திரும்பிப் போய் நின்றால்? இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அங்கே எத்தனையோ கடை ஓடுகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவுக்குப் போனேன். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர். நான் அழுததை ஒரு டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவைத்ததோடு கடந்துவிட்டு, நோட்டை வாங்கிப் புரட்டினார். தமிழில் தலைப்பு எழுதி, எண்களால் நிரப்பியிருந்த நோட்டு. எந்த வாரமாவது டெர்ம் காலத்தில் இருபதைத் தாண்டியிருக்கிறதா என்று ஒன்றைத்தான் தேடினார். தாண்டவில்லை. பக்கத்தில் டெர்ம் தேதிக் கடிதம், ரோட்டா படங்கள், பழைய பே ஸ்லிப், வங்கிக் கணக்கு. "அவர் ஹோம் ஆபீஸுக்கு எழுதினால் எழுதட்டும். உன்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை" என்றார். விசா நிபந்தனைக்குள் வேலை பார்க்கும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியம், விடுமுறைச் சம்பளம், பே ஸ்லிப் என்று எல்லா உரிமையும் அந்நாட்டுக்காரருக்கு உள்ள மாதிரியே உண்டு. சம்பளத்தைக் கேட்பது விசாவைப் பாதிக்காது.

நான் இத்தனை நீளமாக எழுதுவதே இதைச் சொல்லத்தான். அதுவரை அந்த இருபது மணி நேரத்தை என் கையைக் கட்டுகிற விதியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது என் பக்கம் நின்றது. அதே கடையில் ஒரு திருச்சிப் பையன் எனக்கு இரண்டு மடங்கு நேரம் பார்த்தான், பாதி பேப்பரில், பாதி கையில். அவனுக்கு என்னைவிட அதிகம் பாக்கி. அவனையும் கூப்பிட்டேன், வரவில்லை. "நான் போனா என் தலைதான்க்கா உருளும்" என்றான். அவன் பயத்தில் அர்த்தம் இருந்தது. மீறல் தெரிந்தால் பல்கலைக்கழகம் ஹோம் ஆபீஸுக்குச் சொல்லும், விசா ரத்தாகலாம். அது தவிர, வேலையே சட்டமீறல் என்று முதலாளி தரப்பு வாதாட இடமிருக்கிறது. மாணவரை நிபந்தனை மீறி வைத்துக்கொள்கிற முதலாளிக்கு 2024 பிப்ரவரியிலிருந்து முதல் முறை மாட்டினாலே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் உண்டு என்றாலும், அதைச் சொல்லி மிரட்டும் நிலையில் அவன் இல்லை. கையில் காசு தருகிற முதலாளி உதவி செய்வதாகத்தான் தோன்றும். நாளைக்குத் தராவிட்டால் வாய் திறக்க முடியாதபடி ஆக்கிவிட்டுத்தான் அந்த உதவி நடக்கிறது.

அப்புறம் நடைமுறை. ஏகாஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, தொழிலாளி முதலாளி தகராறில் நடுவில் நின்று பேசித் தீர்க்கும் பொது அமைப்பு. இந்தத் தகராறுகளை விசாரிக்கும் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் அங்கே சமரசத்துக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆன்லைன் படிவம், கட்டணம் கிடையாது. பேசுவது வெளியே போகாது. தீர்ப்பாயத்துக்கும் 2017 முதல் கட்டணம் இல்லை. கெடு மட்டும் கறாரானது: சம்பளம் தர வேண்டிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக என்பது அப்போதைய விதி. இந்தக் கெடுக்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் போகும்போது என்ன நிலவரம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுப்பவர்களுக்கு அந்தக் கெடு நன்றாகத் தெரியும் என்பது என் சந்தேகம்.

ஆலோசகர் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் எனக்கே தெரியாத ஒன்று வந்தது. ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை பார்ட் டைம்காரருக்கும் உண்டு, பார்த்த நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில். நவம்பரிலிருந்து நான் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. வேலையை விடும்போது அதற்கான பணம் வர வேண்டும். அதைச் சேர்த்தால் பாக்கி இரண்டாயிரம் பவுண்டை நெருங்கியது. ஏகாஸிலிருந்து ஒருவர் எனக்கும் அவருக்குமாக மாற்றி மாற்றிப் போன் செய்தார். முதலில் நான் அங்கே வேலையே பார்க்கவில்லை என்றார் ஓனர். ரோட்டா படங்கள் போனதும், யூனிஃபார்முக்கும் பயிற்சிக்கும் பிடித்ததாகச் சொன்னார். அப்படிப் பிடித்துக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது. கடைசியில் 1,500 பவுண்டுக்கு முடித்தோம். தீர்ப்பாயம் வரை போயிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கலாம், மாதக்கணக்கில் ஆகியிருக்கும். டிசர்டேஷன் தேதி கழுத்தில் நின்றது. விட்டுக்கொடுத்த ஐந்நூறு பவுண்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். பணம் ஏறிய அன்று கடனை அடைத்துவிட்டுப் போய் ஒரு பிரியாணி சாப்பிட்டேன், சுமாராகத்தான் இருந்தது.

படிப்பு முடிந்த பிறகு வேறு மாதிரி அலைச்சல். படிப்பு முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்ப்பதற்கான கிராஜுவேட் விசா என்பது 2021 ஜூலையில் வந்தது. டிகிரி, மாஸ்டர்ஸ் முடித்து 2026 முடிவதற்குள் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடம், பிஎச்.டி.க்கு மூன்று. வேலை கையில் இருக்க வேண்டியதில்லை, வங்கியில் பணம் காட்ட வேண்டியதில்லை. சொந்தத் தொழில்கூடச் செய்யலாம். என் தோழி இப்போது தைரியமாகச் சுங்குடி விற்கிறாள். இதெல்லாம் நல்ல செய்தி. கன்சல்டன்சியில் சொல்லாமல் விட்டது செலவை. 2024 டிசம்பரில் நான் விண்ணப்பித்தபோது கட்டணம் 822 பவுண்டு. அதோடு மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே 2,070. ஆக 2,892 பவுண்டு, மூன்று லட்சம் ரூபாய் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். அதற்காகத்தான் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 880 ஆனது, அது அடிக்கடி ஏறுகிற சமாச்சாரம். மதுரையில் செலவுப் பட்டியல் போடும்போதே இந்தத் தொகைக்கு ஒரு வரி ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் படித்து முடித்தால் மட்டும் போதாது. முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். செப்டம்பரில் டிசர்டேஷன் கொடுத்தேன். மதிப்பெண் திருத்தி, அதை உறுதி செய்யும் தேர்வு போர்டு கூடி, முடிவு வந்து, தகவல் போய்ச் சேர டிசம்பர் ஆகிவிட்டது. என் ஸ்டூடண்ட் விசா ஜனவரி கடைசியில் முடிகிறது, ஒரு வருடப் படிப்புக்குப் பின்னால் நான்கு மாதம்தான் தருவார்கள். அது முடிவதற்குள், இங்கிலாந்துக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். மதுரையில் உட்கார்ந்து போட முடியாது. போட்ட பிறகு முடிவு வரும் முன் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தை நாமே திரும்பப் பெற்றதாகிவிடும். எங்கள் அக்காவுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்திருந்தது. தாலி கட்டுவதைப் போனில் பார்த்தேன். மேளச் சத்தத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்கவில்லை. மறுவாரம் விசா வந்தது. நான் சொல்வது இதுதான்: வீட்டில் கல்யாணம் காட்சி இருந்தால், படிப்பு முடிந்த ஆறு மாதத்துக்குள் தேதி வைக்க வேண்டாம் என்று இப்போதே பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கிராஜுவேட் விசாவை நீட்டிக்க முடியாது. அதற்கப்புறம் இருக்க வேண்டுமென்றால் பெரும்பாலோருக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசாதான் வழி, அதற்கு ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் உரிமம் உள்ள கம்பெனி வேண்டும். அந்தக் கம்பெனிகளின் பட்டியலை அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் படிக்கப் போனபோது சம்பள வரம்பு 26,200 பவுண்டு. 2024 ஏப்ரலில் 38,700, 2025 ஜூலையில் 41,700. படித்து வெளியே வரும் புதியவர்களுக்குச் சலுகை வரம்பு இருக்கிறது, அதுவும் 33,400. எனக்கு டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைத்தது, சம்பளம் 29,000, கம்பெனிக்கு உரிமமும் இல்லை. ஆகவே 2027 தொடக்கத்தில் விசா முடிந்ததும் நான் இங்கே திரும்பத்தான் வாய்ப்பு அதிகம். அதற்குள் கடனில் எவ்வளவு அடைக்க முடியுமோ அடைத்துவிட வேண்டும் என்பதுதான் இப்போதைய திட்டம்.

ஊருக்கு வந்த இடத்தில் ஒருத்தர், பதினைந்து லட்சம் கொடுத்தால் ஸ்பான்சர்ஷிப் சர்ட்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று அப்பாவிடம் பேசியிருக்கிறார். அது ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்காகக் கம்பெனி தருகிற சர்ட்டிபிகேட், அதன் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது. 2024 டிசம்பர் 31 முதல் அதைத் தொழிலாளி தலையில் கட்டவும் தடை. விலைக்கு விற்கிறார்கள் என்றால் பெரும்பாலும் வேலையே இருக்காது. அப்பா கேட்டுக்கொண்டு, "ரசீது தருவீங்களா" என்றாராம். அந்த ஆள் அப்புறம் வரவில்லை.

எதிர்வீட்டு அக்கா மகளுக்கு நான் சொன்ன விஷயம் ஒன்று பாக்கி. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு டிகிரி, மாஸ்டர்ஸ் கிராஜுவேட் விசா இரண்டு வருடம் இல்லை, பதினெட்டு மாதம்தான். அவள் 2026 செப்டம்பரில் போகிறாள் என்றால் அவளுக்குப் பதினெட்டு மாதம் என்று வைத்தே கடன் கணக்கைப் போட வேண்டும். 2025 செப்டம்பரில் போனவர்கள் விளிம்பில் நிற்கிறார்கள். 2026 டிசம்பர் 31க்குள் விண்ணப்பித்துவிட்டால் இரண்டு வருடம், தவறினால் ஆறு மாதம் போச்சு. அவர்கள் டிசர்டேஷன் தேதியை நீட்டிக் கேட்கும் முன், போர்டு எப்போது கூடும், ஹோம் ஆபீஸுக்கு எந்த வாரம் தகவல் போகும் என்று இன்டர்நேஷனல் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். விண்ணப்பப் பணத்தை நவம்பருக்குள் அங்குள்ள கணக்கில் போட்டு வைத்துக்கொள்வதும் நல்லது, இங்கிருந்து அனுப்புகிற பணம் வங்கி விடுமுறையில் மாட்டினால் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க நகராது.